ஒரு நாள் வைத்த தண்ணீர் போதுமா? சிங்கப்பூர்க் குழாய்நீரும் மீன்தொட்டியும்

"தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் வாளியில் வைத்திருந்து, மறுநாள் தொட்டியில் ஊற்றினால் போதும்." மீன் வளர்ப்பவர்களிடையே வெகுகாலமாக வாய்வழி வந்த அறிவுரை இது. சென்னை கொளத்தூர்க் கடைகளில் மீன் வாங்குவோர் இதைச் சொல்வார்கள். தமிழில் வரும் மீன்வளர்ப்புக் காணொளிகள் பலவும் இதையே சொல்கின்றன. அங்கே இது பெரும்பாலும் பலிக்கும். வீட்டுக்கு வரும் தண்ணீரில் கலந்திருப்பது வெறும் குளோரின் என்றால், அகலமான வாளியில் ஒரு நாள் கிடந்தால் அது காற்றோடு போய்விடும். ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் குளோரின் பேச்சுக்கே இடமில்லை. அங்கே கவலையெல்லாம் உப்பும் கடினத்தன்மையும்தான்.

சிங்கப்பூருக்கு இந்த அறிவுரை பொருந்தாது. பொதுப் பயனீட்டுக் கழகம் வீடுகளுக்கு அனுப்பும் நீரில் கிருமிகள் மீண்டும் வளராமல் காத்து நிற்பது குளோரமின். குளோரினோடு சிறிதளவு அமோனியா சேர்ந்து உருவாகும் பொருள் இது. மூடாத வாளியில் வைத்தாலும், காற்றுக்கல் போட்டு இரவு முழுக்கக் குமிழி விட்டாலும், ஒரே நாளில் போகாது. பல நாள் தங்கும். சில நேரம் வாரக்கணக்கில்கூடத் தங்கும். மறுநாள் மோந்து பார்த்து "வாடை இல்லை, சரியாகிவிட்டது" என்று ஊற்றுகிறவர்கள்தாம் அதிகம் ஏமாறுகிறார்கள். குளோரமினின் வாடை தொடக்கத்திலிருந்தே குளோரினைவிடக் குறைவு.

ஏன் குளோரமின் என்று கேட்டால், அந்தத் தங்கும் குணத்துக்காகத்தான். நீர் நிலையத்திலிருந்து குழாய்வழி பல கிலோமீட்டர் வந்து, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் கூரைத் தொட்டியில் வெயிலில் சூடேறி, அதன் பிறகே பல வீடுகளின் குழாய்க்கு வருகிறது தண்ணீர். இந்த வெப்பத்தில் குளோரின் வழியிலேயே தீர்ந்துபோகும். குளோரமின் கடைசிக் குழாய்வரை தாக்குப்பிடிக்கும். நீரில் கரைந்திருக்கும் இயற்கைக் கழிவுப்பொருள்களோடு குளோரின் வினைபுரிவதால் உண்டாகும் டிரைஹாலோமீத்தேன்கள் என்ற வேண்டாத துணைப்பொருள்களும் இதில் குறைவு. மனிதர் குடிக்க மிகப் பாதுகாப்பான ஏற்பாடு. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் மோனோகுளோரமினுக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 3 மி.கி. நம் வயிறு அதைச் செரித்துவிடும். மீனுக்கோ தண்ணீர் செவுள் வழியாக நேரே இரத்தத்தைத் தொடுகிறது.

குளோரின் செவுளின் மெல்லிய தோலைச் சுடும். குளோரமின் அதோடு நிற்பதில்லை; செவுளைக் கடந்து இரத்தத்துக்குள் போய், உயிர்வாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அந்த வேலைக்கு உதவாத மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறுவது இதனால்தான். மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் மூடி வேகமாக அடிக்கும், சில மீன்கள் கண்ணாடியில் மோதி ஓடும், பிறகு அடியில் சாய்ந்து கிடக்கும்.

ஒரு பொருள், இரண்டு பாதி

குளோரமினை இரண்டு பாதியாக நினைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும். ஒரு பாதி குளோரின், மறுபாதி அமோனியா. கடையில் விற்கும் எந்தக் குளோரின் நீக்கி மருந்தும் முதல் பாதியை எளிதில் முறித்துவிடும். முறிந்த கணத்தில் மறுபாதி அவிழ்ந்து தண்ணீரில் நிற்கும். அதை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

நம் மீன் கடைகளில் "ஆண்டி-குளோரின்" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட். கண்ணாடித் துண்டு போன்ற படிகமாகவோ, நீரில் கரைத்த திரவமாகவோ விற்கிறார்கள். மலிவு, பழையது, நம்பகமானது. குளோரினை நொடிகளில் முறிக்கும். குளோரமினுக்குச் சில நிமிடம் எடுக்கும். ஆனால் அமோனியாவைத் தொடாது.

இரண்டாவது வகை, அமோனியாவையும் கட்டிவைப்பதாகச் சொல்லும் கண்டிஷனர்கள். சீகெம் பிரைம் இங்கே பரவலாகக் கிடைப்பது. இன்னொரு குடும்பம், சோடியம் ஹைட்ராக்ஸிமீத்தேன்சல்ஃபோனேட் அடிப்படையிலானவை. ஆம்குவெல் அந்த வகை. இவை அமோனியாவைத் தண்ணீரிலிருந்து அகற்றிவிடுவதில்லை, நச்சு குறைந்த வடிவில் பிடித்துவைக்கின்றன. ஃபில்டரில் வாழும் பாக்டீரியா அதைத் தின்னத்தான் வேண்டும். மருந்து வாங்கித் தருவது கொஞ்சம் அவகாசம், அவ்வளவே. புதுத் தொட்டியில், ஃபில்டரில் அந்தப் பாக்டீரியா இன்னும் வளராத நிலையில், "பிரைம் ஊற்றிவிட்டேன், இனிக் கவலையில்லை" என்று இருப்பது தவறு.

மூன்றாவதாகக் கற்றாழைச் சாறு, சளிப்படலப் பாதுகாப்பு என்றெல்லாம் எழுதி விலை கூட்டி விற்கும் திரவங்கள். அவற்றின் உள்ளே குளோரினை முறிக்கும் பொருள் இருக்கும், வேலையும் செய்யும். கற்றாழைக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வைட்டமின் சி-யும் குளோரமினை முறிக்கும். ஒரு மி.கி. குளோரினுக்கு ஏறக்குறைய 2.5 மி.கி. அஸ்கார்பிக் அமிலம் வேண்டும். அவசரத்துக்குத் தூய தூள் உதவும். ஆனால் அது அமிலம், பிஎச்சை (நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை) இறக்கும். ஆரஞ்சுச் சுவையும் இனிப்பும் சேர்த்த மாத்திரையை மீன்தொட்டியில் போடாதீர்கள்.

அளவு: கண்ணால் அல்ல, சிரிஞ்சால்

முதலில் தொட்டியின் கொள்ளளவு தெரிய வேண்டும். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். வீவக வீடுகளில் அதிகம் காணும் இரண்டடித் தொட்டி 60 × 30 × 36 என்றால் விளிம்புவரை 64.8 லிட்டர். மண், கல், விளிம்புக்குக் கீழே விடும் இடைவெளி எல்லாம் போக உண்மையில் நிற்பது 50 லிட்டர் அளவில்தான். நாலடித் தொட்டி 120 × 45 × 45 என்றால் 243 லிட்டர்.

தயோசல்ஃபேட்டுக்குக் கணக்கு இப்படி: ஒரு மி.கி. குளோரினுக்கு 7 மி.கி. படிகம். குழாய்நீரில் எவ்வளவு இருக்கிறது என்பது நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் மாறும் என்பதால் லிட்டருக்கு 3 மி.கி. என்று உயர்த்தியே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு லிட்டருக்கு 21 மி.கி. படிகம். சமையலறைத் தராசில் 21 மி.கி. நிறுக்க முடியாது, ஆகவே கரைசல் செய்வது நல்லது. 10 கிராம் படிகத்தை ஒரு புட்டியில் போட்டு, ஆர்ஓ நீரோ காய்ச்சி வடித்த நீரோ விட்டு மொத்தம் 100 மில்லி ஆக்குங்கள். ஒரு மில்லியில் 100 மி.கி. இருக்கும், அது ஏறக்குறைய 5 லிட்டர் குழாய்நீருக்குப் போதும். 15 லிட்டர் மாற்றுகிறீர்கள் என்றால் 3 மில்லி, சற்றுக் கூடினாலும் குற்றமில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

கரைசலை இருட்டில், மூடியை இறுக்கி வைத்தால் சில மாதம் தாங்கும். பால்போலக் கலங்கினாலோ அடியில் வெளிர்மஞ்சள் படிந்தாலோ கந்தகம் பிரிந்துவிட்டது என்று பொருள்; கொட்டிவிடுங்கள். பிரைம் புட்டியைத் திறந்ததும் வரும் அழுகிய முட்டை வாடை வேறு. அது அதன் இயல்பான வாடை, கெட்டுப்போன அடையாளம் இல்லை.

பிரைமுக்குப் புட்டியில் உள்ள அளவு 200 லிட்டருக்கு 5 மில்லி. அதாவது 40 லிட்டருக்கு ஒரு மில்லி. சிறு வாளிக்கு இரண்டு லிட்டருக்கு ஒரு சொட்டு என்று கணக்கு வரும், ஆனால் சொட்டின் பருமன் புட்டிக்குப் புட்டி மாறும். 10 லிட்டர் வாளிக்குச் சிரிஞ்சில் கால் மில்லி எடுப்பது மேல். மூடியளவில் ஊற்றுவதால் ஐந்து பத்து மடங்கு கூடிப்போவது சிறு தொட்டிகளில் சாதாரணமாக நடக்கிறது. இந்த வகை மருந்துகள் தண்ணீரிலுள்ள உயிர்வாயுவையும் ஓரளவு இழுத்துக்கொள்ளும். 30 பாகை வெப்பத்தில் ஏற்கெனவே உயிர்வாயு குறைவாகக் கரையும் நம் தண்ணீரில் அது விளையாட்டல்ல. அளவு மீறிவிட்டால் காற்று மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிடுங்கள்.

கடையில் படிகத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து "நாலு கல் போடு" என்பார்கள். ஒரு கல் குண்டூசித் தலையளவு இருக்கலாம், அவரைவிதையளவும் இருக்கலாம். தயோசல்ஃபேட் கொஞ்சம் கூடினால் பெரிய தீங்கில்லை என்பதால்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு நாள் பிழைத்திருக்கிறது. குறைந்தால்தான் ஆபத்து.

மீதி நிற்கும் அமோனியா எவ்வளவு?

பலரும் கேட்காமல் விடும் கேள்வி இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குளோரமினில் ஐந்து பங்கு குளோரினுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு நைட்ரஜன் (எடையில்). ஆக 3 மி.கி. குளோரமின் முறிந்தால் லிட்டருக்கு 0.6 மி.கி. அமோனியா நைட்ரஜன் வெளிவரும். தொட்டியில் 30 விழுக்காடு தண்ணீர் மாற்றினால் அது கலந்து 0.18 ஆகும். 80 விழுக்காடு மாற்றினால் 0.48.

இந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது, மகிழவும் கூடாது. அமோனியா தண்ணீரில் இரண்டு உருவில் இருக்கும். ஒன்று நச்சு மிகுந்த அமோனியா, மற்றது அவ்வளவு தீங்கில்லாத அமோனியம். எது எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 28 பாகையில் பிஎச் 8 என்றால் மொத்தத்தில் 6.5 விழுக்காடு நச்சு உருவில் இருக்கும். பிஎச் 7-இல் 0.7 விழுக்காடு. பிஎச் 6-இல் 0.07. ஒரு படி இறங்கினால் பத்தில் ஒரு பங்கு.

ஆக 30 விழுக்காடு மாற்றத்தில், பிஎச் 8 என்று வைத்தாலும் நச்சு அமோனியா 0.012 மி.கி. மீன்வளர்ப்பில் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 0.02. நன்கு பழகிய ஃபில்டர் இந்த அளவைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். செடி நிறைந்த தொட்டியில் செடிகளே அமோனியத்தை உறிஞ்சும். இங்கே வெறும் தயோசல்ஃபேட்டே போதும், விலை கூடிய மருந்து தேவையில்லை. 80 விழுக்காடு மாற்றத்தில், பிஎச் 8-இல் அது 0.031 ஆகி எல்லை தாண்டும். டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்கள் அடிக்கடி செய்யும் பெரிய தண்ணீர் மாற்றம், புதிதாக வைத்த தொட்டி, மருந்து ஊற்றி பாக்டீரியா செத்துப்போன தொட்டி, ஃபில்டர் இல்லாத பெட்டாக் குவளை ஆகியவற்றுக்கு அமோனியாவைக் கட்டும் மருந்துதான் சரி.

தண்ணீர் மாற்றியபின் அமோனியா சோதனைக் கருவி 0.25 காட்டுகிறது என்று பதறுபவர்கள் உண்டு. சாலிசிலேட் வகைக் கருவி இரண்டு உருவையும், மருந்து பிடித்துவைத்திருப்பதையும் சேர்த்தே காட்டும். மறுநாள் மீண்டும் பாருங்கள். பூஜ்யத்துக்கு வந்திருந்தால் ஃபில்டர் வேலை செய்கிறது.

பிஎச் செய்யும் வேலை

நம் குழாய்நீர் பெரும்பாலும் மென்னீர், ஆனால் பிஎச் 7-க்கு மேலே, 8-ஐ ஒட்டியும் வரும். குழாய்கள் அரிக்காமல் இருக்கப் பிஎச் உயர்த்தியே அனுப்பப்படுகிறது. நீர்த்தேக்க நீர், ஜொகூர் நீர், கடல்நீரைச் சுத்திகரித்த நீர், நியூவாட்டர் (கழிவுநீரை மறுசுத்திகரித்த நீர்) என்ற நான்கு மூலங்கள் இருக்கின்றன. ஆகவே கடினத்தன்மை வட்டாரத்துக்கு வட்டாரம் சற்று மாறும். தெம்பனிஸ் நண்பரின் எண்களைச் சுவா சூ காங் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை), கேஎச் (பிஎச்சை நிலையாக வைக்கும் கார்பனேட் அளவு) கருவி ஒரு செட் வாங்கி உங்கள் குழாயையே சோதியுங்கள்.

செடித் தொட்டிகளில் போடும் அமில மண் கேஎச்சை உறிஞ்சி, தொட்டியின் பிஎச்சை 6-க்கு இறக்கிவிடும். அந்த அமிலத்தில் அமோனியாவைத் தின்னும் நைட்ரிஃபிகேஷன் பாக்டீரியா மந்தமாகும், அமோனியம் சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்தாலும் மீன் நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் நச்சு உருவில் இருப்பது மிகச் சிறிது. ஒரு தொட்டியில் லிட்டருக்கு 2 மி.கி. சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎச் 6-இல் நச்சுப் பகுதி 0.0014 மட்டுமே. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாதவர் ஒரு விடுமுறை நாளில் உற்சாகமாகப் பாதித் தண்ணீரை மாற்றுகிறார். பழைய அமோனியம் பாதியாகி 1 மி.கி., புது நீரிலிருந்து 0.3, மொத்தம் 1.3. கணக்குப்படி குறைந்துதான் இருக்கிறது. ஆனால் பிஎச் 7.5-க்கு ஏறிவிட்டது. அந்தப் பிஎச்சில் 2.2 விழுக்காடு நச்சாகும்: 0.028 மி.கி. அரை மணி நேரத்தில் இருபது மடங்கு.

"குளோரின் மருந்தெல்லாம் சரியாகத்தான் போட்டேன், ஆனாலும் டெட்ரா பாதி செத்துப்போச்சு" என்ற புலம்பலில் பெரும்பகுதி இதுதான். இங்கே குற்றவாளி புதுத் தண்ணீர் மட்டுமல்ல, பழைய தண்ணீரும்கூட. நெடுநாள் மாற்றாத தொட்டியில் முதலில் 10 விழுக்காடு, இரண்டு நாள் கழித்து இன்னொரு 10, அப்படியே இரண்டு வாரம் போய்ப் பிறகு வாரம் 20 முதல் 30 விழுக்காட்டுக்கு வாருங்கள். பணம் மிச்சப்படுத்த என்று மாற்றாமல் இருப்பதில் அர்த்தமில்லை. 1,000 லிட்டர் தண்ணீரின் விலை 3 வெள்ளி அளவில்தான். 15 லிட்டருக்கு ஐந்து காசு.

எப்படிச் சோதிப்பது

குளோரின் சோதனைக் கருவி வாங்குமுன் அது எதை அளக்கிறது என்று பாருங்கள். நீச்சல்குளத்துக்கென்று விற்கும் சில கருவிகள் தனித்த குளோரினை மட்டும் காட்டும். சிங்கப்பூர்க் குழாய்நீரில் அது ஏறக்குறைய பூஜ்யம் காட்டும், நீங்களும் "என் வீட்டுத் தண்ணீரில் குளோரினே இல்லை" என்று மகிழ்ந்துபோவீர்கள். குளோரமின் அப்படியே இருக்கும். மொத்தக் குளோரினை அளக்கும் டிபிடி கருவியே வேண்டும். அதில் முதல் மாத்திரை தனித்ததையும், அடுத்துச் சேர்க்கும் மாத்திரை மொத்தத்தையும் காட்டும். மஞ்சள் நிறம் தரும் ஆர்த்தோடோலிடின் சொட்டுக் கருவியில் தனித்த குளோரின் உடனே நிறம் தரும், குளோரமின் மெதுவாகத்தான் தரும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மருந்து கலந்த வாளி நீரில் மொத்தக் குளோரின் பூஜ்யம் வந்தால் உங்கள் அளவு சரி. ஒவ்வொரு முறையும் சோதிக்கத் தேவையில்லை. புதுப் புட்டி வாங்கியதும் ஒருமுறை, வீடு மாறியதும் ஒருமுறை போதும்.

மின்தூக்கி அருகே நகர மன்றம் கூரைத் தொட்டி சுத்தம் செய்யும் அறிவிப்பை ஒட்டியிருந்தால், அன்றும் மறுநாளும் தண்ணீர் மாற்றாதீர்கள். தொட்டியைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்தபின் வரும் முதல் தண்ணீரில் அளவு கூடியிருக்கலாம், கலங்கலும் வரலாம். தண்ணீர்க் குழாய் பழுதுபார்ப்பு நடந்த பிறகும் இதே எச்சரிக்கைதான்.

மாற்றும் முறை

வாளி மீனுக்கென்றே தனியாக இருக்கட்டும். தரை துடைக்கும் வாளியில் ஒட்டியிருக்கும் சோப்பு குளோரமினைவிட மோசம்.

ஃபில்டரையும் மின்கருவிகளையும் நிறுத்துங்கள். தண்ணீர் இறங்கும்போது மோட்டார் காற்றை இழுத்து வறண்டு ஓடினால் எரியும். சைஃபன் குழாயால் மண்ணின் அழுக்கோடு 20 முதல் 30 விழுக்காடு இழுங்கள். இழுத்த பழைய நீரில் ஒரு வாளி எடுத்துவைத்து, ஃபில்டர் ஸ்பாஞ்சை அதில் பிழிந்து கழுவுங்கள். குழாய்க்கடியில் ஸ்பாஞ்சைக் கழுவுவது பாக்டீரியாவை நாமே கொல்வது. அதன் விளைவு அன்று தெரியாது, இரண்டு மூன்று நாளில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி மீன் சோர்ந்து கிடக்கும்போது தெரியும். அதை நோய் என்று நினைத்து மஞ்சள் நிறக் கிருமிக்கொல்லி மருந்தை ஊற்றினால் எஞ்சிய பாக்டீரியாவுக்கும் கேடு.

குழாயை ஒரு நிமிடம் திறந்துவிட்டுப் பிறகு பிடியுங்கள், குறிப்பாகக் காலையில், அல்லது வெளியூர் போய்வந்த பின். செப்புக் குழாயில் நெடுநேரம் நின்ற நீரில் தாமிரம் கரைந்திருக்கும். மீன் தாங்கும், செர்ரி இறாலும் நத்தையும் தாங்காது. செப்புக் குழாய் புதிதாக உள்ள வீடுகளில் இது இன்னும் முக்கியம். முதலில் வரும் நீரைத் துணி அலசவோ கழிவறைக்கோ பயன்படுத்தலாம். வாட்டர் ஹீட்டர் வழியாக வந்த நீர் வேண்டாம்.

வாளி நிறைந்ததும் அந்த வாளியின் அளவுக்கு மருந்து ஊற்றிக் கையால் நன்கு கலக்கி, ஐந்து நிமிடம் விடுங்கள். கலக்கும்போதே அழுத்தத்தில் அடைபட்டிருந்த காற்றும் வெளியேறும். இல்லாவிட்டால் மீன்மேல் நுண்குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு மெதுவாக, ஒரு தட்டின்மேலோ காற்றுக்குழாய் வழியாகவோ தொட்டிக்குள் விடுங்கள். வெப்ப வேறுபாடு நம் ஊரில் சாதாரணத் தொட்டிகளுக்குப் பிரச்சினையே இல்லை. குழாய்நீரும் 28, 29, தொட்டியும் அதே. சில்லர் வைத்து 24 பாகையில் இறால் வளர்ப்பவர்கள்தாம் கவனிக்க வேண்டும். அவர்கள் சொட்டுச் சொட்டாக விடலாம். தேனீ இறால் வளர்ப்பவர்கள் எப்படியும் ஆர்ஓ நீரில் தாது உப்பு கலந்தே பயன்படுத்துவார்கள். அங்கும் ஆர்ஓ சவ்வுக்கு முன்னால் நல்ல கார்பன் ஃபில்டர் வேண்டும். குளோரமின் சவ்வை மெல்ல அரிக்கும். சாதாரணக் கார்பனில் வேகமாக நீரை விட்டால் அது பிடிபடாமல் தாண்டிவிடும்.

பெரிய தொட்டிக்குச் சமையலறைக் குழாயிலிருந்து ஹோஸ் போட்டு நேராக நிரப்புபவர்கள் விதியை மாற்றிக்கொள்ள வேண்டும். உள்ளே வரும் புது நீருக்கு மட்டுமல்ல, முழுத் தொட்டியின் கொள்ளளவுக்கும் மருந்து போட வேண்டும், அதுவும் குழாயைத் திறப்பதற்கு முன்பே. 243 லிட்டர்த் தொட்டிக்குப் பிரைம் 6 மில்லி. ஏனென்றால் மருந்து தொட்டி முழுக்கப் பரவி நிற்கிறது, குளோரமினோ ஹோஸ் வாயில் செறிவாகக் கொட்டுகிறது. நிரப்பி முடித்தபின் மருந்து ஊற்றுவது, அதுவரை மீனைக் குளோரமினில் நீந்தவிடுவது.

மருந்து சிகிச்சை நடக்கும் தொட்டியில் இன்னொரு கண்ணி. தாமிரம் கலந்த ஒட்டுண்ணி மருந்து போட்டிருக்கும்போது பிரைம் போன்றவற்றைச் சேர்த்தால் தாமிரம் இன்னும் நச்சான உருவுக்கு மாறலாம். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தயோசல்ஃபேட் உடனே செயலிழக்கச் செய்யும். அந்த நாள்களில் தண்ணீரை முன்பே தயோசல்ஃபேட்டால் சரிசெய்து, அளவை மிகச் சரியாக வைத்து, தனியே வைத்திருந்து ஊற்றுங்கள்.

தனியே வைப்பது என்றதும் ஒரு எச்சரிக்கை. மூடாத வாளியில் நாள்கணக்கில் நீர் வைப்பது சிங்கப்பூரில் மீன் பிரச்சினை மட்டுமல்ல. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே போதும். தொட்டிக்குள் மீன் புழுவைத் தின்றுவிடும், வாளியில் மீன் இல்லை. தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி வந்து புழுவைக் கண்டால் "இது மீன் தண்ணீர்" என்ற விளக்கம் எடுபடாது, அபராதம்தான். வைத்தே ஆக வேண்டுமென்றால் இறுக்கமான மூடி போட்ட டிரம்மில் வையுங்கள். குளோரமினுக்காக வைப்பதில் பயனில்லை என்பதால், பெரும்பாலான வீடுகளுக்கு அந்த வாளியே வேண்டியதில்லை.

மருந்து போட மறந்துவிட்டால்

தண்ணீர் மாற்றி முடித்தபின் மீன்கள் மேலே வந்து திணறுகின்றன, மருந்துப் புட்டி மேசைமேல் மூடியபடியே இருக்கிறது. மீண்டும் தண்ணீர் மாற்ற ஓடாதீர்கள். முழுத் தொட்டிக்கும் உரிய அளவு பிரைமை, அல்லது தயோசல்ஃபேட் கரைசலை உடனே ஊற்றுங்கள். 50 லிட்டர்த் தொட்டிக்குப் பிரைம் 1.25 மில்லி, 10 விழுக்காட்டுத் தயோசல்ஃபேட் கரைசல் என்றால் 10 மில்லி. ஃபில்டர் வெளிவாயை மேலே திருப்பி நீர்ப்பரப்பைக் கலக்குங்கள், காற்றுக்கல் இருந்தால் போடுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள், ஒரு நாள் தீனி வேண்டாம். குளோரமின் இரத்தத்தில் செய்த கேடு சில மணி நேரத்தில் சரியாகத் தொடங்கும். செவுள் புண் ஆற நாளாகும். அடுத்த மூன்று நாள் தினமும் அமோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள், ஃபில்டர் பாக்டீரியாவும் அடிபட்டிருக்கும். எண்கள் ஏறினால் ஒவ்வொரு நாளும் 20 விழுக்காடு, இம்முறை மருந்தோடு.

இழுத்த பழைய நீரில் நைட்ரேட் இருக்கும், நடைபாதைச் செடிகளுக்கு நல்ல உரம். பூந்தொட்டிக்கடியில் வைக்கும் தட்டில் மட்டும் தேங்கவிடாதீர்கள். மருந்தோ உப்போ கலந்த நீரைச் செடிக்கு ஊற்றாமல் குளியலறைத் தரைவடிகாலில் விடுங்கள். வெளியே மழைநீர்க் கால்வாயில் ஊற்ற வேண்டாம். அது சாக்கடைக்குப் போவதில்லை, நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போகிறது.